மிச்சம் பிடித்த வருஷம்

லட்சுமணசாமிக்கு 'மிச்சம்' என்ற சொல்லின் மேல் ஒரு பக்தி உண்டு. கணபதி ஏரியாவில் இருக்கும் அவருடைய பம்ப் கம்பெனிக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சாமி படமல்ல. 'ஒரு நிமிஷம் மிச்சம், ஒரு பம்ப் லாபம்' என்று அவரே யோசித்து, அவரே எழுதி, அவரே ரிப்பன் வெட்டித் திறந்து வைத்த பலகைதான். வார்ப்பு மண்ணில் மிச்சம், செம்புக் கம்பியில் மிச்சம் என்று எதிலும் மிச்சம் பார்ப்பவர், பேச்சில் மட்டும் அதைக் கடைப்பிடித்ததில்லை. தொழிலதிபர்கள் மாதாமாதம் கூடும் மன்றத்தில் அவர் மைக்கைப் பிடிக்கிறார் என்று தெரிந்தால் சமையல்காரர்கள் சாம்பாரை அடுப்பிலிருந்து இறக்காமலே வைத்திருப்பார்கள்.

அப்படிப்பட்டவர் மகளின் படிப்பிலும் ஒரு வருஷத்தை மிச்சம் பிடித்தார்.

அது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதே மன்றத்தில் ராமுலு என்று இன்னொரு பம்ப் முதலாளி. அவருடைய மகன் பிளஸ் டூ முடித்ததும் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனான். ராமுலு மன்றத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். லட்சுமணசாமியும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அப்போது அவருடைய ஒரே மகள் மானசா பத்தாம் வகுப்புத்தான் முடித்திருந்தாள். அவள் பிளஸ் டூ முடித்து வெளிநாடு போவதற்குள் ராமுலுவின் பையன் பாதிப் பட்டதாரி ஆகிவிடுவான்.

இந்த நோய்க்கு மருந்து சுரேந்தரிடம் இருந்தது. சுரேந்தர் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஆலோசகர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவன். நேரில் பார்த்திராத கல்லூரிகளைப் பற்றியும் அங்கே பிறந்து வளர்ந்தவன் மாதிரி பேசுவான். இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் 'ஃபவுண்டேஷன்' என்று ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, பத்தாம் வகுப்பு மார்க்கே போதும், அதை முடித்தால் நேராகப் பட்டப்படிப்பு என்றான்.

"பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டையும் ஒரே வருசத்துல தாண்டீரலாம் அங்கிள்."

தாண்டலாம் என்ற சொல் லட்சுமணசாமிக்குப் பிடித்துப்போயிற்று. மறு வாரமே லட்சுமி மில் சந்திப்பில் ஃபிளெக்ஸ் எழும்பியது. 'பிளஸ் டூவைத் தாண்டிப் பறக்கும் இளங்குயிலே! இங்கிலாந்து உன்னை வரவேற்கிறது!' குயிலின் படம் ஓரத்தில் சின்னதாக இருந்தது. குயிலைப் பெற்றவரின் படம் நடுவில் கைகூப்பியபடி ஆளுயரத்துக்கு நின்றது. விமானம் ஒன்று அவருடைய காதுக்குள்ளிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து வரவேற்கும் செய்தி இங்கிலாந்துக்குத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவருடைய மனைவி ரங்கம்மாள் அந்த ஃபிளெக்ஸைக் காருக்குள் இருந்து பார்த்தாள். எதையும் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எதிர்த்தாலும் அதற்குள் அவர் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிடுவார். வீடு வந்து சேர்ந்த பிறகு ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏனுங்க, பிளஸ் டூ வரைக்கும் எங்கூட இருந்துட்டுப் போகட்டுங்களே. அதுக்குள்ள இங்கிலாந்து எங்க ஓடியா போகுது?"

"ஒரு வருசம் மிச்சமாகுதல்ல ரங்கு."

ரங்கம்மாள் பருப்புப் பொடி இடிக்கப் போய்விட்டாள். இங்கிலாந்தில் பருப்புப் பொடி கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மிச்சமான வருஷம் முடிகிற சமயத்தில், மானசா அங்கே கடைசிப் பரீட்சைகளை எழுதிக்கொண்டிருந்தபோது, ரங்கம்மாள் காய்ச்சல் என்று படுத்தாள். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் ஏதோ இறங்குகிறது என்று காலையில் சொன்னார்கள். இன்னும் இறங்குகிறது என்று மாலையில் சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் லட்சுமணசாமியை மட்டும் விட்டார்கள். அவள் அவருடைய சட்டைப் பையைத்தான் பார்த்தாள். போன் அதில்தான் இருந்தது.

"அம்மணிகிட்ட ஒரு வார்த்தை பேசறனுங்க."

"நாளைக்கு அவளுக்குக் கணக்குப் பரீச்சை ரங்கு. முடியட்டும். இப்ப உங்கொரலைக் கேட்டா அவ எழுதமாட்டா."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து ஆட்டிய தலைதான். மறுநாள் பொழுது விடிவதற்குள் போய்விட்டாள்.

மகளுக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சொந்தங்களைக் கூட்டி வைத்து, கம்பெனி மீட்டிங்கில் பேசுவது போல நின்று பேசினார். இப்போது சொன்னால் புள்ளை கிளம்பி வந்துவிடும், பரீட்சை போய்விடும், ஒரு வருஷம் வீணாகிவிடும், ரங்கம்மாளே இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்றார். தலையாட்டுவதற்கு ஆளா இல்லை? ரங்கம்மாளின் தங்கை ஒருத்தி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

மானசா போன் பண்ணியபோதெல்லாம் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, டாக்டர் பேசக்கூடாது என்றிருக்கிறார் என்று சொன்னார். அவள் தன் குரலைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "அம்மா, சுடுதண்ணி குடிங்க. மிளகு தட்டிப் போட்டுக் குடிங்க. நான் வந்து உங்கள ஒரு கை பாக்கறேன்." ரங்கம்மாளின் போனை லட்சுமணசாமிதான் வைத்திருந்தார். கேட்டதற்கு அடையாளமாகச் செய்திக்குக் கீழே இருக்கும் 'டிக்' நீலமாக மாற வேண்டுமே என்று அதையும் முழுசாகக் கேட்டார்.

மானசா நல்ல மார்க்கில் தேறினாள். சொல்ல வேண்டியதைப் பிறகு சொன்னார். அவள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது கருமாதி முடிந்து, அஸ்தியைக் கொடுமுடியில் கரைத்தும் ஆகிவிட்டது. ஹாலில் படத்துக்குப் போட்ட மாலை வாடிப்போயிருந்தது. அவள் படத்தின் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தக் கிழமைங்க நாயனா?"

அவர்கள் வீட்டில் அப்பாவை நாயனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கிழமையைச் சொன்னார்.

"அன்னிக்குக் கணக்குப் பரீச்சை" என்றாள் மானசா. அவ்வளவுதான். அம்மா போனைக் கேட்ட விஷயத்தை நர்ஸிடமிருந்து தெரிந்துகொண்ட சித்தி அவளிடம் சொல்லிவிட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். அவளாகக் கேட்டால் சொல்வதற்கென்று அவர் ஒரு முழு உரையைத் தயார் செய்து வைத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை. மன்றத்தில் எத்தனையோ தலைப்பில் பேசியவர் மனப்பாடமாக வைத்திருந்தும் பேச வாய்க்காத ஒரே உரை அதுதான்.

அந்த உரையில் மொத்தம் ஒரே ஒரு வாதம்தான் இருந்தது: அந்த வருஷம் வீணாகவில்லை.

இங்கிலாந்தில் பட்டம் வாங்கி வந்தாள் மானசா. பட்டத்துக்கு வெள்ளி நிறச் சட்டம் போட்டு ஹாலில், ரங்கம்மாளின் படத்துக்குப் பக்கத்தில், அதைவிடக் கொஞ்சம் உயரத்தில் மாட்டினார் லட்சுமணசாமி. விருந்தாளிகள் முதலில் அதைப் பார்ப்பதற்கு வசதியாக சோபாவைத் திருப்பிப் போட்டார். அவள் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம் வாதாட லட்சுமணசாமிக்குத் தெரியாது.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குப் போகிற தடத்தைத் தனக்கே சொந்தம் என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேஸ் போட்டு, இவர் ஆஜராகாததால் தீர்ப்பும் வாங்கிவிட்டார். கோர்ட் நோட்டீஸ் எப்போதோ விட்டுவிட்ட பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. வக்கீல் கந்தப்பன் மனுப் போட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார். அது ரத்தான நாளில் மானசாவும் கூட வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் லட்சுமணசாமி தம்முடைய வெற்றியைத் தமக்கே விளக்கிக்கொண்டு வந்தார். சட்டத்தைவிட அதைக் கையாளும் ஆளுமைதான் முக்கியம் என்று அவர் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தபோது மானசா குறுக்கிட்டாள்.

"நாயனா, நான் லா படிக்கலாம்னு இருக்கறேன்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ற கேஸைப் பாத்து ஆசை வந்துருச்சா கண்ணு?"

"அந்த ஜட்ஜம்மா சொன்னாங்கல்லங்க. முடிவு எவ்வளவு நல்ல முடிவா வேணாலும் இருக்கட்டும், சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியப்படுத்தாம எடுத்தா செல்லாதுன்னு. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒத்தக்கால்மண்டபம் தாண்டும் வரைக்கும் லட்சுமணசாமி வெளியே இளநீர்க் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் ஆசைக்கு எதையாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் கேட்காமலே இருந்த கேள்விக்குப் பதிலாக, வாயால் சொல்லாமல், ஒரு கறுப்பு கோட்டை வாங்கிக் கொடுத்துவிடலாம். அந்த வருஷம் இங்கேதான் வந்து சேர்ந்தது பார் என்று அந்தக் கோட்டே அவளிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

பட்டதாரிகளுக்குச் சட்டப்படிப்பு மூன்று வருஷம். மானசா அந்த வருஷம் முழுக்கக் கந்தப்பன் ஆபீஸில் மாலை நேரங்களில் உட்கார்ந்து கேஸ் ஃபைல்களைக் கட்டுக்கட்டாகப் படித்தாள். விண்ணப்பம் போடும் நாள் வந்ததும் லட்சுமணசாமியும் சட்டக் கல்லூரிக்குக் கிளம்பினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மன்றத்தின் பேட்ஜ், முன்னாள் தலைவர், இந்நாள் புரவலர், வருங்கால ஏதோ ஒன்று என்று இருபக்கமும் அச்சடித்த விசிட்டிங் கார்டு. மானசா வேண்டாம் என்றாள். அவர் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

சான்றிதழ் சரிபார்க்கிற மேஜையில் ரம்ஷா என்ற பெண் அதிகாரி இருந்தார். கார்டை வாங்கி மரியாதையாக ஓரத்தில் வைத்தார். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அது இங்கேயுள்ள பட்டத்துக்குச் சமம் என்று டெல்லியில் ஒரு அலுவலகம் சான்றிதழ் தர வேண்டும் என்றார். அதற்கென்ன, வாங்கிவிடலாம் என்றார் லட்சுமணசாமி. ரம்ஷா தாள்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினார்.

"ஐயா, இவங்க பிளஸ் டூ மார்க் சீட்டுங்க?"

இந்தக் கேள்விக்காகவே பத்து வருஷமாகக் காத்திருந்தவர் போல லட்சுமணசாமி நிமிர்ந்தார். "அவ பிளஸ் டூ எழுதலீங்க. தாண்டிப் போன பொண்ணுங்க அவ. அப்பவே பேனர்லயே போட்டிருந்தம்."

ரம்ஷா அவரைப் பார்த்தார். பிறகு மானசாவைப் பார்த்தார்.

"தாண்டினதுதானுங்க இப்ப சிக்கல். பத்து, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. அந்த வரிசையில இருக்கோணும். நடுவுல ரெண்டு இல்லீனா மேல மூணு நிக்காதுங்க. எதுக்கும் டெல்லிக்கு எழுதிப் பாருங்க. நான் வேண்டாம்னு சொல்லலீங்க."

டெல்லிக்கு எழுதினார்கள். பதில் வருவதற்குள் லட்சுமணசாமி தமக்குத் தெரிந்த பெரிய இடங்களுக்கெல்லாம் தோப்புத் தேங்காயோடு போனார். எல்லோரும் தேங்காயை வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், மாப்பிள்ளை பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ஜாதகம் கேட்டார். இன்னொருவர், டெல்லியில் தமக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று சொல்லி, அவர் இறந்துபோன செய்தியை லட்சுமணசாமி வாயாலேயே தெரிந்துகொண்டார்.

பதில் ஈமெயிலில் வந்தது. மானசா சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து முதலில் தனக்குள் படித்தாள். பிறகு அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பள்ளிப் படிப்பு பன்னிரண்டு ஆண்டுகள் முழுமையாக இல்லாததால் பட்டத்துக்குச் சமத்துவம் வழங்க இயலாது என்று இருந்தது. லட்சுமணசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். அதில் இரண்டாவதாக ஒரு வாக்கியமும் இருந்தது. 'ஃபவுண்டேஷன்' எனப்படும் ஓராண்டுப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இயலாது.

"அந்த வருசத்தையேவா?" என்றார்.

"அது செல்லாதாமுங்க நாயனா."

அவள் எழுந்து தோசைக் கல்லை அடுப்பில் வைத்தாள். அவருக்கு இரண்டு தோசை வார்த்துப் போட்டாள். ஓரம் முறுகலாக, அவருக்குப் பிடித்த மாதிரியே. ரங்கம்மாள் செய்யும் பொடியைத் தானே இடித்துத் தொட்டுக்கொள்ள வைத்தாள். பக்குவம் மட்டும் அவளுக்குக் கைவரவில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அவள் இங்கிலாந்தில் இருந்தாள். லட்சுமணசாமி சாப்பிட்டார். ஹாலில் இரண்டு சட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. சோபா அந்தப் பக்கம் பார்த்துத்தான் கிடந்தது. அவர் அன்று அதில் உட்காரவில்லை.

மறுநாள் சுரேந்தரிடம் போனார். சுரேந்தர் இப்போது இங்கிலாந்தை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு மாறியிருந்தான். வரவேற்பறையில் ஆளுயரக் கங்காரு பொம்மை ஒன்று கையில் பிராஸ்பெக்டஸோடு நின்றது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அங்கிள், அன்னிக்கு நீங்க லா பத்திப் பேசவே இல்லீங்களே. ராமுலு அங்கிள் பையனுக்கு முன்னாடி முடிக்கோணும்னுதான சொன்னீங்க" என்றான். பொய் சொல்வதற்கே பேர்போனவன் அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொன்னான். லட்சுமணசாமி கங்காருவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

கந்தப்பன் மட்டும் சுற்றி வளைக்காமல் சொன்னார். இப்போது பிளஸ் டூ எழுதித் தேறினாலும் இங்கிலாந்துப் பட்டம் உயிர் பெறாது, வரிசை தலைகீழாகிவிட்டது. ஒரே வழி, திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது எழுதிவிட்டு, பள்ளி முடித்த பிள்ளைகளோடு ஐந்து வருஷச் சட்டப்படிப்பில் முதலிலிருந்து சேருவது. வயது குறுக்கே நிற்காது.

"இதென்னங்க அநியாயம்? ஹைகோர்ட்டுல போடுங்க கேஸை. எதுவரைக்கும் போகுதுன்னு பாத்துபோட்டு விடலாம்" என்றார் லட்சுமணசாமி. மேஜையைத் தட்டவும் தட்டினார். அதில் பழைய சத்தம் வரவில்லை.

"வேண்டாங்க நாயனா" என்றாள் மானசா. "இது முன்னாடியே சொல்லி வெச்ச ரூல்தானுங்க. அவங்க மறைக்கல. நாமதான் கேக்கல."

பிறகு கந்தப்பனைப் பார்த்து, பன்னிரண்டாவதுக்கு எப்போது பதிய வேண்டும் என்று கேட்டாள்.

அந்த மாத மன்றக் கூட்டத்தில் லட்சுமணசாமியைப் பேசச் சொன்னார்கள். 'நேர மேலாண்மை' என்று தலைப்பு. அவருக்கென்றே வைத்ததுதான். எழுந்து மைக்கைப் பிடித்தார். எல்லோருக்கும் வணக்கம் என்றார். நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலவரமாகிவிட்டது. போன வருஷம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த ஸ்டென்ட் அமெரிக்காவில் தயாரானது என்று அவரே ஆளாளுக்குச் சொல்லியிருந்தார். ராமுலுதான் முதலில் ஓடி வந்து தோளைப் பிடித்தார். "ஏனுங்க, வலி கிலி இருக்குதுங்களா? வண்டிய எடுக்கச் சொல்லட்டுங்களா?"

"இல்லீங்க ராமுலு. சாம்பார் சூடா இருக்கறப்பவே சாப்புடலாமுங்க" என்றார் லட்சுமணசாமி.

திறந்தநிலைப் பள்ளிப் பரீட்சைக்கு மானசாவுக்குக் கிடைத்த மையம் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தனியார் பள்ளி. ஆங்கிலம் முதலில் முடிந்தது. அன்றைக்குக் கணக்கு. வேறு பாடம் எடுத்திருக்கலாம்; எதற்காகக் கணக்கை எடுத்தாள் என்று அவர் கேட்கவில்லை. தானே வண்டி ஓட்டி வருகிறேன் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

பள்ளி வாசலில் இறங்கியபோது ஆட்கள் கூடியிருந்தார்கள். சீருடை போட்ட பிள்ளைகள் இல்லை. பள்ளியைப் பாதியில் விட்ட பையன்கள், கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண், மில்லில் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்த இரண்டு பேர். எல்லோரும் எதையாவது தாண்டியவர்கள்தான்; இவர்கள் யாருக்கும் ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. மானசா கைப்பையைத் திறந்து போனை எடுத்து அவரிடம் கொடுத்தாள். உள்ளே கொண்டு போகக் கூடாது.

அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழைய பழக்கத்தில், "நீ எதையும் நெனைக்காம எழுது அம்மணி. மத்ததையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

போக இருந்தவள் நின்றாள்.

"நாயனா."

"சொல்லு சாமி."

"எதாச்சும்னா உள்ள ஆளனுப்பிச் சொல்லீருங்க. பரீச்சை போனாப் போகட்டும். முடிஞ்சு வரட்டும்னு மட்டும் இருந்தறாதீங்க."

பத்து வருஷமாகத் தயாராக இருந்த உரை அவருடைய வாய் வரைக்கும் வந்தது. அதில் ஒரு வரியாவது இப்போது உதவுமா என்று தேடிப் பார்த்தார். இருந்த ஒரே வாதத்தையும் டெல்லிக்காரன் இரண்டாவது வாக்கியத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ரங்கம்மாள் ஆட்டுவாளே, அதே மாதிரி.

மணி அடித்தது. அவள் படியேறி உள்ளே போனாள். கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.

லட்சுமணசாமி புங்க மரத்தடியில் நின்றார். சட்டைப் பையில் இரண்டு போன்களும் இருந்தன. அவருடையது ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்தார். வெளிநாட்டில் படிக்க விருப்பமா, ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் உற்சாகமாகச் சொன்னது. வைத்துவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. எதாச்சும்னா சொல்லுங்க என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்ன நடந்தால் சொல்ல வேண்டும்? யாருக்கு நடந்தால்? ரங்கம்மாள் போய்விட்டாள். சித்தியும் போன தை மாதம் போய்விட்டாள். அதைக் கேட்ட நிமிஷமே மானசாவுக்குச் சொன்னார். அப்போது அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். இனிமேல் ஆளனுப்பிச் சொல்கிற அளவுக்கு அவளுக்கென்று மிச்சம் இருப்பது இவர் ஒருத்தர்தான். அப்படி ஒன்று நடந்தால் சொல்லி அனுப்ப இவர் இருக்கமாட்டார். சுற்றி நிற்பவர்கள் சொந்தங்களைக் கூப்பிடுவார்கள். சொந்தங்கள் கூடி நின்று, புள்ளை பரீட்சை எழுதுகிறது, முடியட்டும் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்வதற்கு அவர்களைப் பழக்கி வைத்ததே இவர்தான்.

நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த அமெரிக்காக்காரன் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தான். இருந்தாலும் கேட்டுக்குப் போனார்.

காவலாளிக்கு அவர் வயதுதான் இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒரு ஒத்தாசை. உள்ள மானசான்னு ஒரு பொண்ணு பரீச்சை எழுதுதுங்க. எம்பொண்ணுங்க."

"சரிங்க."

"எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா உடனே உள்ள போயி அவகிட்டச் சொல்லீருங்க. முடியட்டும்னு பாக்க வேண்டாம். யார் வந்து தடுத்தாலும் சொல்லீருங்க."

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கஞ்சி போட்ட சட்டை, காரில் வந்த ஆள், குடித்த மாதிரியும் தெரியவில்லை.

"இப்ப உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க."

"அப்பறமென்னுங்க?"

லட்சுமணசாமி சட்டைப் பையில் இருந்த இரண்டு போன்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காவலாளி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சொல்லீரறனுங்க" என்றார். "வெயில்ல எதுக்கு நிக்கறீங்க? போயி நெழல்ல உக்காருங்க. முடியறதுக்கு நேரமிருக்குது."

புங்க மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. நிழலான பக்கத்தில் உட்கார்ந்தால் மரம் கேட்டை மறைத்தது. லட்சுமணசாமி எழுந்து மறுபக்கம் வந்தார். அங்கே வெயில் முகத்தில் அடித்தது. காவலாளியின் கண்ணில் எந்நேரமும் படுகிற மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.